கொல்லைக் கோழியின் கோணல் முட்டைகள்

நாட்டுக்கோழி முட்டை சாதாரணமாக 40 முதல் 45 கிராம் எடை இருக்கும். முட்டைக்கு வந்த விடைக்கோழியின் முதல் முட்டை 30 கிராம் அளவில்தான் தொடங்கும். அப்படிப்பட்ட கோழி ஒரு நாள் 70 கிராமில் ஒன்றை இடுகிறது. வேறொன்று ஓடே இல்லாத தோல்முட்டையைப் போடுகிறது. இன்னொன்று நெல்லிக்காய் அளவில் ஒன்றை இட்டுவிட்டு, ஊரைக் கூட்டும் குரலில் கொக்கரிக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி ஒன்றியத்தின் குத்தம்பாக்கத்தில் ஒரு பக்கம் புதிய பேருந்து முனையமும் வீட்டுமனைகளும் வளர, மறுபக்கம் வயலும் மாட்டுக்கொட்டகையும் மிச்சமிருக்கின்றன. அங்கும், சுற்றியுள்ள திருமழிசை, வெள்ளவேடு பக்கங்களிலும் கொல்லையில் ஐந்தாறு கோழி வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்த விநோதங்களில் ஒன்றிரண்டாவது பழக்கமாகியிருக்கும்.

கடை முட்டையில் இவை கண்ணில் படுவதில்லை. அதனால் பண்ணைக் கோழி பிசகாமல் இடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அக்மார்க் தரப்பிரிப்பில் 38 முதல் 44 கிராம் வரை சிறியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 53 முதல் 59 வரை பெரியது, 60-க்கு மேல் மிகப் பெரியது. முப்பது குழி அட்டையில் உட்காராத முட்டை, ஓடு மெலிந்த முட்டை, வளைந்த முட்டை எல்லாம் பண்ணையிலேயே பொறுக்கி ஒதுக்கப்படுகின்றன. நாமக்கல் கொட்டகை ஒன்றில் ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும்போது எந்தக் கோழி எதை இட்டது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கொல்லையில் அது கறுப்பி இட்டதா, செவலை இட்டதா என்று வீட்டிலுள்ள குழந்தைக்குக்கூடத் தெரியும். கோணல் முட்டையைப் புரிந்துகொள்ள இந்த நெருக்கம் பெரிய வசதி. ஒரு முட்டை உருவாகும் பாதையும் அதற்கான நேரமும் திட்டமானவை. ஆகவே கோணல் எதில் இருக்கிறது என்று பார்த்தால், முந்தைய ஒரு நாளில் கோழியின் உடம்பில் எந்த இடத்தில், ஏறத்தாழ எந்த மணிக்குப் பிசகியது என்பதைச் சொல்லிவிட முடியும்.

கோழிக்கு இரண்டு சூலகங்கள் கருவில் தோன்றினாலும் இடப்பக்கத்துச் சூலகம் மட்டுமே வளர்ந்து வேலை செய்கிறது. முட்டையிடும் கோழியை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அங்கே திராட்சைக் கொத்துப் போல் தொங்கும் மஞ்சள் கருக்கள் பழக்கமானவை. கடுகளவிலிருந்து முழு அளவு வரை எல்லா வயதிலும் அதில் கருக்கள் இருக்கும். ஒரு கரு கடைசிப் பத்து நாளில்தான் மளமளவென்று பெருக்கிறது. ஒன்று முதிர்ந்து உதிரும்போது அடுத்தது ஏறத்தாழ ஒரு நாள் பின்தங்கி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. உதிர்ந்த கருவை முட்டைக் குழாயின் புனல் வடிவ வாய் பிடித்துக்கொள்கிறது. அங்கே அது இருப்பது கால் மணி நேரம்தான். சேவலின் விந்து சேர்வதும் அந்தக் கால் மணிக்குள்தான். பிறகு சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக் கரு சுற்றிக்கொள்கிறது. ஒன்றேகால் மணி நேரம் போல உள்ளும் புறமும் இரண்டு சவ்வுகள் போர்த்தப்படுகின்றன. மிச்சமுள்ள இருபது மணி நேரமும் ஓடு கட்டுவதற்கே போகிறது. மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். முட்டை வெளியே வந்து அரை மணி நேரம் போலக் கழிந்த பின்புதான் அடுத்த கரு உதிர்கிறது. தினமும் இடும் நேரம் சற்றுச் சற்றுத் தள்ளிப்போவதும், பிற்பகலை எட்டியதும் கோழி ஒரு நாள் விட்டுவிடுவதும் இதனால்தான்.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கோழி ஒரே நாளில் 24 முட்டை இட்டதாக 2022-இல் செய்தி வந்தது. ஓடு கட்ட இருபது மணி நேரம் வேண்டும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், அந்தச் செய்தியைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய முட்டைக்கு வருவோம். இரண்டு கருக்கள் சிறிது இடைவெளியில் அடுத்தடுத்து உதிர்ந்தால் புனல் இரண்டையும் பிடித்துவிடும். ஒரே வெள்ளைக் கருவும் ஒரே ஓடும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். இதுதான் இரட்டைக்கரு முட்டை. ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் முட்டைக்கு வந்த புதிதில், ஹார்மோன்களின் ஒழுங்கு இன்னும் பிடிபடாத விடைக்கோழிகளில், அது இதைவிட அடிக்கடி நடக்கும். சில கோழிகளுக்கு இது பரம்பரைக் குணம். அவை வாரத்துக்கு ஒன்றாவது இப்படி இட்டுக்கொண்டே இருக்கும்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு. கோழியின் இனப்பெருக்க ஹார்மோன்கள் பகலின் நீளத்தைப் பார்த்து இயங்குபவை. சென்னை வட்டாரத்தில் மிக நீண்ட பகல்கூடப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டுவதில்லை. மார்கழியில் அது பதினொன்றரை மணிக்கும் குறைவு. முட்டைப் பண்ணைகளில் விளக்குப் போட்டுப் பகலைப் பதினாறு மணி நேரமாக நீட்டுகிறார்கள். நெடுஞ்சாலை விளக்கோ வாசல் எல்இடி விளக்கோ இரவெல்லாம் கூண்டின் மேல் விழும் வீடுகளில் இதே வேலை கேட்காமலே நடக்கிறது. உடம்பு முழுதாக வளரும் முன்பே விடைக்கோழி முட்டைக்கு வந்துவிடும். அத்தகைய கோழியிடம் இரட்டைக்கருவும் அதிகம், பெரிய முட்டையை வெளியே தள்ள முடியாமல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். முட்டையோடு சேர்ந்து குழாயின் உட்பகுதி பின்வாசல் வழியே பிதுங்கி வெளியே வந்துவிடுவதும் உண்டு. சிவந்த சதையைக் கண்டதும் மற்றக் கோழிகள் கொத்தத் தொடங்கும்; உடனே தனியே பிரித்து அடைக்காவிட்டால் அந்தக் கோழி பிழைப்பது அரிது.

இரட்டைக்கரு இல்லாமலும் முட்டை பெருக்கும். கோழியின் வயது ஏற ஏற மஞ்சள் கருவின் அளவு கூடுகிறது, முட்டையும் பெரிதாகிறது. ஆனால் ஓட்டுக்கு ஒதுக்கும் சுண்ணாம்பின் அளவு அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. இருக்கிற சுண்ணாம்பே அகலமான பரப்பில் பரவ வேண்டியிருப்பதால், கிழட்டுக் கோழியின் பெரிய முட்டை கை பட்டதும் உடைகிறது.

கின்னஸ் பதிவில் மிகக் கனமான கோழி முட்டை அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் வைன்லேண்டில் 1956 பிப்ரவரி 25 அன்று ஒரு வெள்ளை லெகார்ன் கோழி இட்டது: 454 கிராம். நாட்டுக்கோழி முட்டை பத்தின் எடை. அதில் இரண்டு மஞ்சள் கருவும் இருந்தன, இரண்டு ஓடும் இருந்தன. இரண்டாவது ஓட்டின் கதை வேறு. ஓடு கட்டி முடிந்த முட்டை வெளியே வராமல், குழாயின் அலையசைவு தலைகீழாகிப் பின்னோக்கி ஏறிவிடுகிறது. மேலே போய் அடுத்த கருவைச் சந்தித்து, இரண்டும் சேர்ந்து மீண்டும் கீழே வரும்போது புது வெள்ளைக் கருவும் புதுச் சவ்வும் புது ஓடும் கிடைக்கின்றன. உடைத்தால் முட்டைக்குள் முட்டை. இது இரட்டைக்கருவைவிடப் பல மடங்கு அரிது.

முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு இலங்கையில் ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. 2012 ஏப்ரலில் வெலிமடையில் ஒரு கோழி ஓடில்லாமல் நேராகக் குஞ்சு ஈன்றதாகச் செய்தி பரவியது. அப்பகுதிக் கால்நடை மருத்துவ அதிகாரி பரிசோதித்ததில், சேவல் சேர்ந்த முட்டை கோழியின் உடலுக்குள்ளேயே 21 நாள் இருந்து, உள்ளேயே பொரிந்து, குஞ்சாக வெளிவந்தது என்று தெரிந்தது. அடைக்கு வேண்டிய சூடு கோழியின் உடம்பிலேயே இருக்கிறது. குஞ்சு பிழைத்தது. தாய்க்கோழி உட்காயத்தால் செத்துவிட்டது.

நெல்லிக்காய் முட்டையின் காரணம் பெரிய முட்டைக்கு நேரெதிர். இங்கே கருவே உதிரவில்லை. குழாயின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த சதைத்துணுக்கோ உறைந்த ரத்தக் கட்டியோ உள்ளே விழுந்தால், வெள்ளைக் கரு சுரக்கும் பகுதிக்கு அது கருவா கட்டியா என்று தெரியாது. ஏதோ ஒன்று மேலே பட்டாலே போதும், சுரக்கத் தொடங்கிவிடும். உடைத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைக் கருவும் நடுவே ஒரு பழுப்புத் துணுக்கும். விடைக்கோழி தொடங்கும்போதும் கிழட்டுக் கோழி ஓயும்போதும் இது வருகிறது. ஐரோப்பாவில் இதைச் சேவல் இட்ட முட்டை என்று நம்பினார்கள். 1474-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்து, தண்டனையாக எரித்தார்கள்.

அந்தச் சேவல் பெரும்பாலும் சேவலாகவே இருந்திருக்காது. பெட்டையின் இடச்சூலகம் நோயிலோ கட்டியிலோ அழிந்தால் பெண் ஹார்மோன் வற்றிவிடுகிறது. அதுவரை அடங்கியிருந்த வலப்பக்கத்து உறுப்பு விந்தகம் போல் வளரத் தொடங்குகிறது. கொண்டை சிவந்து பெருக்கும், வாலில் சேவல் இறகு முளைக்கும், கோழி கூவவும் செய்யும். எடின்பரோவில் எஃப்.ஏ.இ. க்ரூ 1923-இல் பதிவு செய்த ஒரு கோழி முன்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. பின்னர் சேவலாக மாறிக் குஞ்சுகளுக்குத் தகப்பனும் ஆனது. இது மிக மிக அபூர்வம். மாறும் பெட்டைகளில் பெரும்பாலானவை மலடாகவே நின்றுவிடும். கூவும் பெட்டை வீட்டுக்கு ஆகாது என்று நம் ஊரில் அதை உடனே அறுத்துவிடும் வழக்கம் உண்டு. ஆகாதது உண்மையில் கோழிக்குத்தான்: அதன் சூலகம் அழிந்துபோயிருக்கிறது.

உடைத்த முட்டையின் மஞ்சள் கருவில் சிவப்புப் புள்ளி இருந்தால் குஞ்சு உருவாகத் தொடங்கிவிட்டது என்று பலர் முகம் சுளிப்பார்கள். கரு உதிரும்போது பை இயல்பாகக் கிழிய வேண்டிய இடத்தில் ரத்தநாளம் இருக்காது. சற்றே விலகிக் கிழிந்தால் ஒரு சொட்டு ரத்தம் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான். சேவலே இல்லாத பண்ணை முட்டையிலும் இது உண்டு.

ஓட்டுக் கோளாறுகள்தான் எண்ணிக்கையில் அதிகம், காரணங்களும் அதிகம். ஒரு முட்டை ஓட்டில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் முழு எலும்புக்கூட்டிலும் இருப்பதே இருபது முதல் இருபத்தைந்து கிராம்தான். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குச் சமமான சுண்ணாம்பைக் கோழி வெளியே தள்ளுகிறது. இதற்காகவே முட்டைப் பருவத்தில் தொடை எலும்பு போன்றவற்றின் உட்குழியில் ஒரு தனி எலும்புத் திசு வளர்கிறது. பகலில் தின்ற சுண்ணாம்பை அது சேர்த்து வைக்கும். இரவில், கோழி தூங்கும்போது, ஓடு கட்ட எடுத்துக் கொடுக்கும்.

பழைய நாட்டுக்கோழிக்கு இது பெரிய சுமையாக இருந்ததில்லை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து முட்டை, பிறகு அடை, பிறகு குஞ்சோடு மேய்ச்சல் என்று ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டையோடு அது நின்றுவிடும். இடைவெளியில் எலும்பு நிரம்பிவிடும். கொல்லையில் வளர்க்கவென்று உருவாக்கப்பட்ட வனராஜா, கிரிராஜா, நந்தனம் போன்ற இனங்கள் அதைவிடக் கூடுதலாக இடுகின்றன. கோழி மாறியது, தீனி மாறவில்லை. நொய்யிலும் மிஞ்சிய சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து சொற்பம். தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் வகை, கிடைக்கிற சுண்ணாம்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. தோல்முட்டை அடிக்கடி வரும் கொல்லைகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தீர்வு மலிவானது. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரி கிளிஞ்சலுக்குப் பேர்போனது. கிளிஞ்சலை மாவாக அரைக்காமல் அரிசிக் குறுணை அளவில் உடைத்துத் தனித் தட்டில் வைத்தால், தேவைப்படும் கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். குறுணை இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். மாவு சீக்கிரம் போய்விடும். வைக்க ஏற்ற நேரம் மாலை. சமையலறையில் மிஞ்சும் முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிப் போடுவதும் இதே பலனைத் தரும். முழு வடிவம் தெரியும்படி போட்டால் மட்டும் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

சித்திரை, வைகாசியில் தீனி சரியாக இருந்தும் ஓடு மெலிகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதன் கார்பனேட் பாதி இந்தக் கரியமில வாயுவிலிருந்துதான் வர வேண்டும். போதாததற்கு, வெயிலில் கோழி தீனியும் குறைவாகவே எடுக்கிறது. கத்திரி வெயிலில் மேற்குச் சென்னைப் புறநகரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நிழலும், மண்சட்டியில் மாற்றி மாற்றி ஊற்றும் குளிர்ந்த தண்ணீரும் செய்யும் வேலையைக் கிளிஞ்சலால் மட்டும் செய்ய முடியாது.

ஓட்டின் மேல் உள்ள தடங்களில் இன்னும் துல்லியமாக நேரம் படிக்கலாம். முட்டையின் இடுப்பைச் சுற்றி ஒரு மேடு ஓடினால், ஓடு மெல்லிய தகடாக இருந்த முன்னிரவில் அது உள்ளேயே விரிசல் கண்டு, பிறகு அதன் மேலேயே சுண்ணாம்பு பூசி ஒட்டப்பட்டிருக்கிறது. கூண்டில் இடநெருக்கடி, அடைந்த பிறகு பூனையோ கீரியோ வந்து கலைத்தது, இருட்டில் உயரத்திலிருந்து குதித்தது எதுவாகவும் இருக்கலாம். தீபாவளி வெடிச் சத்தம் வேறு வகைத் தடத்தை விடும். முட்டையிட வேண்டிய வேளையில் கோழி மிரண்டால் அதைச் சில மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ளும். அந்த முட்டையின் மேல் தேவைக்கு அதிகமான சுண்ணாம்பு வெண்பொடியாகவோ வெள்ளை வளையமாகவோ படியும். அதற்குள் அடுத்த முட்டை பின்னால் வந்து அதன் மேல் சாய்ந்துவிட்டால், சாய்ந்த பக்கம் தட்டையாகிவிடும். முதலில் வளையம் போட்ட முட்டையும் அடுத்துத் தட்டை முட்டையும் வந்தால் இரண்டும் ஒரே மிரட்சியின் விளைவு. ஓரிரு நாளில் தானாகச் சரியாகும்; மருந்து தேவையில்லை.

மருந்தும் மருத்துவரும் தேவைப்படும் முட்டைகள் வேறு. ஓடு துணி கசங்கியதுபோல் சுருங்கி, உள்ளே வெள்ளைக் கரு தண்ணீராக ஓடி, அது பல கோழிகளிடம் ஒரே வாரத்தில் தொடங்கினால், தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இளவயதில் இந்நோய் கண்ட கோழியின் முட்டைக் குழாய் நிரந்தரமாகக் கெட்டுவிடவும் கூடும். வெள்ளைக்கழிச்சலும் முட்டையைக் குறைத்து ஓட்டைக் கெடுக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதும் கழுத்து திருகிக்கொள்வதும் கூடவே இருக்கும். தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை இந்நோய்க்காகப் பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் கொல்லைக் கோழிகளையும் மனதில் வைத்துத்தான். ரப்பர் போன்ற, வெட்டினால் அடுக்கடுக்காக மஞ்சள் சீழ் தெரியும் கட்டி ஒன்றைக் கோழி இட்டால் அது முட்டையே அல்ல. குழாயில் கிருமித் தொற்று. அதை மட்டும் தொட்ட கையோடு புதைத்துவிட வேண்டும்.

நிறத்தில் வரும் விநோதங்களுக்கு நேரம் காரணமில்லை, தீனிதான் காரணம். மஞ்சள் கருவின் நிறம் முழுக்க முழுக்கக் கோழி தின்றதிலிருந்து வருவது. கீரை, புல், மக்காச்சோளம் தின்றால் அடர்ந்த மஞ்சள். வெறும் சோறு தின்றால் வெளிறல். மலப்புறம் மாவட்டம் ஒதுக்குங்கல்லில் ஒரு வீட்டுக் கோழிகள் பச்சைக் கரு முட்டையிடுவது 2020 மே மாதத்தில் பெரும் செய்தியானது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் அக்கோழிகளுக்குத் தாங்கள் தந்த தீனியைக் கொடுத்து வளர்த்ததும் இரண்டு வாரம் போல ஆனபோது கரு மஞ்சளுக்குத் திரும்பியது. மாட்டுக்கொட்டகை ஒட்டிய கொல்லைகளில் இன்னொரு சாத்தியமும் உண்டு. பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும் மாட்டுக்கு நல்லவை. சிந்தியதைக் கோழி நிறையத் தின்றால், சில நாள் வைத்திருந்த முட்டையில் மஞ்சள் கரு பாசிப்பச்சையாகும், வெள்ளைக் கரு ரோஜா நிறம் கொள்ளும்.

இந்த முட்டைகளில் பெரும்பாலானவற்றைத் தயக்கமின்றிச் சாப்பிடலாம். இரட்டைக்கரு, இடுப்பில் மேடு ஓடியது, தட்டையானது எல்லாம் சத்திலும் சுவையிலும் மற்ற முட்டை போலத்தான்; நெல்லிக்காய் முட்டையில் மஞ்சள் கரு மட்டும் இருக்காது. தோல்முட்டையின் சவ்வு கிழியாமல் இருந்தால் அன்றே நன்றாக வேகவைத்துத் தின்னலாம். கிருமியைத் தடுக்கும் ஓடு இல்லாததால் வைத்திருக்கக் கூடாது. அடைக்கு வைப்பதற்கு இவற்றில் எதுவும் உதவாது. இரட்டைக்கரு முட்டையில் இரண்டு உயிர் தொடங்கினாலும் இடமும் காற்றும் போதாமல் 21 நாளுக்குள் இரண்டும் மடிந்துவிடுவதே வழக்கம். மெல்லிய ஓட்டு முட்டை, அடைக்கோழி உட்காரும்போதே உடைந்து பக்கத்து முட்டைகளையும் நாறடிக்கும். அடைக்குப் பொறுக்கும்போது இரவில் கைபேசி விளக்கின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் உள்ளே நிழல் ஒன்றா இரண்டா என்பதும், ஓட்டில் மயிரிழை விரிசல் உண்டா என்பதும் தெரிந்துவிடும். கூர்முனை எது, மழுங்கிய முனை எது என்று அடையாளம் தெரியாத உருண்டை முட்டையையும் அப்போதே சமையலுக்கு எடுத்து வைத்துவிடலாம்.